ராக்கெட்

ராக்கெட்: எரிபொருளை எரித்து, அதில் உண்டாகும் வாயுவைப் பின்புறமாக உமிழ்ந்து, அதன் உதைப்பால் முன்னேறும் ஊர்தி. தமிழில் ஏவூர்தி, பழைய பெயர் வாணம். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் தானே சுமந்து செல்வதால், காற்றில்லாத விண்வெளியிலும் இயங்கும்.

தீபாவளியன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தின் தெருக்களில் பாட்டிலில் நிறுத்திக் கொளுத்தும் ராக்கெட்டும் இப்படித்தான் பாய்கிறது. அதன் குச்சியை ஒடித்துவிட்டால் வானுக்குப் போகாமல் தெருவிலேயே சுழன்றோடும். உந்துவிசை மட்டும் போதாது, திசையும் வேண்டும்.

வரலாறு

கருமருந்து வாணங்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே சீனப் போர்களில் பயன்பட்டன. மைசூரில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் காகிதக் குழாய்க்குப் பதில் இரும்புக் குழாயைப் பயன்படுத்தினர். இரும்பு கூடுதல் அழுத்தம் தாங்கியதால் வாணம் வெகுதூரம் பாய்ந்தது. மூங்கில் கழி அதற்கு வாலானது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் ஆங்கிலப் படை இவ்வாணங்களைச் சந்தித்துத் தோற்றது. திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் 1799இல் வீழ்ந்தபின் கைப்பற்றப்பட்ட வாணங்கள் இங்கிலாந்து சென்றன. அங்கே வில்லியம் காங்கிரீவ் உருவாக்கிய ராக்கெட்டுகளுக்கு அவையே தூண்டுகோல்.

திரவ எரிபொருள் ராக்கெட்டை அமெரிக்கரான ராபர்ட் கொடார்ட் 1926இல் முதன்முதலில் பறக்கவிட்டார். இந்தியாவின் விண்வெளிப் பயணம் 1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவலுடன் தொடங்கியது. 1980இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது; அதன் திட்ட இயக்குநர் அப்துல் கலாம்.

தென்மாவட்டங்களில்

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் உள்ளது. திரவ எரிபொருள் எஞ்சின்களையும் கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சின்களையும் அசையாதபடி பிணைத்து எரியவிட்டு இங்கே சோதிக்கிறார்கள்.

சாத்தான்குளத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் குலசேகரன்பட்டினம். திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டங்களில், பனையும் தேரி எனும் செம்மணல் மேடுகளும் சூழ்ந்த 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்காக எடுக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது, அன்றே ஆர்.எச்.200 என்ற ஆய்வு ராக்கெட்டும் இங்கிருந்து ஏவப்பட்டது.

இந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் திசை. பூமியின் துருவங்களுக்கு மேலே செல்லும் துருவப் பாதைக்குத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். இஸ்ரோவின் முதல் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் வழியில் இலங்கை. கழன்று விழும் பகுதிகள் நிலத்தில் விழக்கூடாது என்பதால் ராக்கெட் வளைந்து செல்கிறது. அந்தச் சுற்றுவழி எரிபொருளைத் தின்கிறது. பெரிய ராக்கெட் தாங்கும். 34 மீட்டர் உயரமும் சுமார் 120 டன் எடையும் கொண்ட எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டுக்கு அது பெரும் இழப்பு. குலசேகரன்பட்டினத்துக்கு நேர் தெற்கே வெறும் கடல்தான். 500 கிலோ வரையிலான செயற்கைக்கோள்களை ஏற்றிச் செல்லும் இந்தச் சிறிய ராக்கெட்டுக்காகவே இத்தளம் அமைகிறது.

பயன்கள்

போர், வாணவேடிக்கை, மேல்வளிமண்டல ஆய்வு, செயற்கைக்கோள் ஏவுதல் ஆகியவை முதன்மையானவை. துருவப் பாதைச் செயற்கைக்கோள்கள் பயிர், நீர்நிலை, கடற்கரை மாற்றங்களைக் கண்காணிக்கின்றன. ராக்கெட் ஏவும் நேரத்தில் அதன் வழியிலுள்ள கடற்பகுதியில் படகுகள் இருக்கக்கூடாது; மீனவர்கள் கரையில் காத்திருக்க வேண்டும். ஆழ்கடலில் விசைப்படகின் டிரான்ஸ்பாண்டர் கருவி வழியே அவர்கள் புயல் எச்சரிக்கை பெறுவதும், ராக்கெட்டில் ஏவப்பட்ட செயற்கைக்கோள்களால்தான்.