மேட்பிளாட்லிப் வந்த வழி: டாங்கிளில் இருந்து சேலம் வரை

பொட்டி தட்டிப் பிழைக்கிற நம்ம வீடுகளில் இப்போது பிள்ளைகளும் பொட்டி தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கல்லூரியில் கால் வைத்த முதல் வருஷமே, ஏதாவது ஒரு தரவை எடுத்து பைத்தானில் வரைபடம் போட்டுக்கொண்டு வா என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை ஒரு வரி அடிக்கிறது, அரை நிமிஷத்தில் மேட்பிளாட்லிப் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உட்காராவிட்டால் மட்டும் உள்ளறையில் இருந்து "அப்பா!" என்று குரல் வரும். அந்தக் குரலுக்கு ஓடுகிற அப்பா அம்மாக்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

கதை சிகாகோவில் தொடங்குகிறது. ஜான் ஹன்டர் என்று ஒரு நரம்பியல் ஆராய்ச்சியாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மேற்பரப்பிலேயே மின்முனைகளை வைத்து, அங்கே ஓடும் மின்னலைகளைப் பதிவு செய்து, வலிப்பு எந்த இடத்தில் கிளம்புகிறது என்று தேடும் குழுவில் இருந்தார். அறுவை செய்யப்போகும் மருத்துவருக்கு அந்த அலைகளைப் படமாகக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு நல்ல வணிக மென்பொருளும் இருந்தது. ஆனால் உரிமம் ஒன்றே ஒன்று. டாங்கிள் என்கிற சாவிக்கட்டையைக் கணினியில் செருகினால்தான் அது ஓடும். ஆராய்ச்சியாளர்கள், மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள் என்று அத்தனை பேரும் அந்த ஒற்றைக் கட்டைக்காகக் காத்துக்கிடந்தார்கள்.

ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வலி புரியும். நான் 2004-ல் புனே வந்து, பிம்ப்ரி பக்கம் ஒரு சோதனைக்கூடத்தில் அதிர்வுத் தரவுகளோடு ஆணி புடுங்க ஆரம்பித்தபோது எங்களுக்கும் இதே நிலைதான். உரிமம் ஒன்று, ஆட்கள் பதினோரு பேர். மதியம் எல்லோரும் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, டிபன் டப்பாவைத் திறக்காமல் ஓடிப்போய் அந்தக் கணினியில் உட்காருவோம்.

ஹன்டர் முதலில் மேட்லேபில் தன் வேலைக்கான நிரலை எழுதிப் பார்த்தார். தரவு பெருகப் பெருக அது தாங்கவில்லை. பைத்தானுக்கு மாறினார். பைத்தானில் எல்லாம் இருந்தது, மேட்லேப் மாதிரி சுலபமாகப் படம் வரையும் வசதி மட்டும் இல்லை. அப்போது ஐபைத்தான் என்ற கருவியை பெர்னான்டோ பெரெஸ் எழுதிக்கொண்டிருந்தார். கொலம்பியாக்காரர், 2001-ல் அதைத் தொடங்கியவர். ஐபைத்தானில் இருந்தே நூபிளாட் வழியாகப் படம் வரைய ஹன்டர் ஒரு ஒட்டு எழுதி அவருக்கு அனுப்பினார். பெரெஸோ முனைவர் பட்டத்தை முடிக்கிற அவசரத்தில் இருந்தார். இப்போதைக்கு பார்க்க நேரமில்லை என்று பதில் வந்தது. சரி, நாமே தனியாகச் செய்துவிடுவோம் என்று ஹன்டர் இறங்கினார். 2003-ல் மேட்பிளாட்லிப் வெளியே வந்தது. பெயரிலேயே மேட்லேப் வாடை அடிப்பது அதனால்தான்.

அவர் தனக்கு வைத்துக்கொண்ட நிபந்தனைகள் எளிமையானவை. ஆய்விதழில் அச்சிடும் தரத்தில் படம் வர வேண்டும். வேறொரு மென்பொருளின் சன்னலுக்குள் அதைப் பொருத்த முடிய வேண்டும். நிரல் மற்றவர்களுக்கும் புரிந்து, நீட்டி எழுதும்படி இருக்க வேண்டும். படம் வரைவது சுலபமாக இருக்க வேண்டும்.

2004 வாக்கில் ஹபிள் தொலைநோக்கியின் தரவைக் கையாளும் பால்டிமோர் விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் இதைத் தத்தெடுத்துக்கொண்டது. மூளைக்காக எழுதியது விண்மீனுக்கும் உதவியது.

நிற்க. இனி நிறுவுகிற பாட்டுக்கு வருவோம்.

2006-ல் நான் இதை முதலில் நிறுவியபோது, இது ஒரு மென்பொருள் இல்லை, ஒரு கூட்டுக்குடும்பம் என்று தெரிந்தது. கோடுகளை வழவழப்பாக வரைவதற்கு ஏஜிஜி என்ற நிரலகம், மாக்சிம் ஷெமனாரெவ் எழுதியது. எழுத்துருவுக்கு ஃப்ரீடைப். படமாகச் சேமிக்க லிப்பிங். சன்னல் திறக்க டிகே, ஜிடிகே, டபிள்யூஎக்ஸ் என்று மூன்று மருமகள்கள், யாராவது ஒருத்தரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்களின் அணிகளைக் கையாள நியூமெரிக்கா, நியூமரேயா என்று ஒரு பங்காளிச் சண்டை வேறு. 1995-ல் வந்த நியூமெரிக் சிறிய அணிகளுக்கு வேகம், ஹபிள்காரர்கள் எழுதிய நியூமரே பெரிய அணிகளுக்கு வேகம். மேட்பிளாட்லிப் இரண்டையும் அணைத்துக்கொண்டு, அமைப்புக் கோப்பில் நீயே தேர்ந்தெடுத்துக்கொள் என்றது. டிராவிஸ் ஆலிஃபன்ட் இரண்டையும் இணைத்து எழுதிய நம்பை 1.0, 2006 அக்டோபரில் வந்த பிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது.

விண்டோஸில் இன்னொரு தலைவலி. பைத்தான் 2.4-ஐ மைக்ரோசாஃப்டின் 2003-ஆம் வருஷத்துத் தொகுப்பியால் கட்டியிருந்தார்கள். கூடச் சேர்கிற சி நிரலையும் அதே தொகுப்பியால் கட்டினால்தான் ஒத்துப்போகும். அது எத்தனை வீட்டில் இருக்கும்? ஆக, யாராவது புண்ணியவான் கட்டிவைத்த கோப்பைத்தான் நம்பி இருந்தோம். அதிலும் பைத்தான் 2.4-க்குக் கட்டியது 2.5-ல் ஓடாது. எங்கள் அலுவலகத்தில் இணையத்துக்குப் பெரிய பூட்டு. சனிக்கிழமை ஔந்த் பக்கம் பிரௌசிங் சென்டரில் தரவிறக்கி, பென்டிரைவில் போட்டுத் திங்கட்கிழமை கொண்டுபோவேன். ஒரு கோப்பு விட்டுப்போயிருந்தால் அடுத்த சனிக்கிழமைதான். "காய்கறி வாங்கப் போனவர் என்ன வாங்கிட்டு வந்திருக்கார் பாரு" என்று தங்கமணி அலுத்துக்கொண்டது தனிக்கதை.

இந்தத் துன்பம் ஒரே நாளில் தீரவில்லை. கலிஃபோர்னியாவில் கிறிஸ்டோஃப் கோல்கே என்ற ஆராய்ச்சியாளர் பல வருஷம், 2022 வரைக்கும், நூற்றுக்கணக்கான தொகுப்புகளை விண்டோஸுக்குக் கட்டி இலவசமாக வைத்தார். 2012-ல் அனகோண்டா வந்து, குடும்பம் மொத்தத்தையும் ஒரே வண்டியில் ஏற்றியது. 2013-ல் 'வீல்' என்ற தயார்நிலைப் பொதி பைத்தானில் முறைப்படி ஏற்கப்பட்டது. 2014-ல் பைத்தான் 3.4-உடன் பிப் கூடவே வந்தது. 2016-ல் லினக்ஸுக்கும் பொதுவான வீல் வந்தது. பிள்ளை அடிக்கிற அந்த ஒரு வரிக்குப் பின்னால் பத்து வருஷத்துக்கும் மேலான உழைப்பு இருக்கிறது.

சரி, இப்போது "அப்பா!" என்று குரல் வந்தால் என்ன பார்ப்பது? பழைய வரலாறு தெரிந்தால் இன்றைய பிழையும் புரியும்.

1. நிறுவினேன், ஆனால் மேட்பிளாட்லிப் இல்லை என்கிறது. கணினியில் இரண்டு பைத்தான் இருக்கும். பிப் ஒன்றில் நிறுவியிருக்கும், பிள்ளை இன்னொன்றை ஓட்டும். பிப்பைத் தனியாகக் கூப்பிடாமல், ஓட்டப்போகும் பைத்தான் வழியாகவே கூப்பிட வேண்டும். பிள்ளை தன் கோப்புக்கே மேட்பிளாட்லிப் என்று பெயர் வைத்திருந்தாலும் குழப்பம் வரும். பைத்தான் அந்தக் கோப்பைத்தான் முதலில் எடுக்கும்.

2. லினக்ஸில் நிறுவவே மறுக்கிறது. 2023-ல் வந்த டெபியன் 12 முதல், இயங்குதளத்தின் சொந்தப் பைத்தானில் கை வைக்க பிப்புக்கு அனுமதி இல்லை. உங்கள் நன்மைக்குத்தான். ஒரு மெய்நிகர்ச் சூழல் உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள்.

3. நம்பையோடு ஒத்துப்போகவில்லை என்கிறது. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தது. பழைய நம்பைக்குக் கட்டிய தொகுப்புகள் அதோடு ஓடாது. 2006-ல் பார்த்த அதே பங்காளிச் சண்டை. மேட்பிளாட்லிப்பைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் நம்பையை 2-க்குக் கீழே நிறுத்துங்கள்.

4. திரை இல்லாத சர்வரில் ஓட்டினால் விழுகிறது, அல்லது படமே திறக்கவில்லை. முன்பெல்லாம் சன்னல் திறக்கத் திரை இல்லை என்று சண்டை போட்டு நின்றுவிடும். பைப்ளாட்டைக் கூப்பிடும் முன்பே ஏஜிஜி பின்தளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 2018-ல் வந்த 3.0 முதல் அதுவே புரிந்துகொண்டு ஏஜிஜிக்குப் போய்விடுகிறது. ஏஜிஜி சன்னல் திறக்காது, கோப்பாக மட்டும் சேமிக்கும். பிழையும் இல்லை, படமும் இல்லை என்றால் கோப்பில் சேமித்துப் பாருங்கள்.

நிறத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மேட்லேபைப் பார்த்து எடுத்துக்கொண்ட 'ஜெட்' என்ற வானவில் வண்ணத்தொகுதிதான் நெடுநாள் இயல்பாக இருந்தது. பார்க்கப் பளபளப்பு, ஆனால் ஆபத்து. தரவு சீராக ஏறும் இடத்திலும் மஞ்சள் பட்டை தெரிந்து, அங்கே ஏதோ எல்லை இருப்பது போலக் கண்ணை ஏமாற்றும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஸ்டெஃபான் வான் டெர் வால்ட், நதானியேல் ஸ்மித் முதலானவர்கள் கண்ணின் உணர்வை அளந்து 'விரிடிஸ்' என்ற தொகுதியை உருவாக்கினார்கள். 2017 ஜனவரியில் வந்த 2.0-ல் அது இயல்பானது. படம் சரியாக இருப்பது அழகு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. இது மூளை அறுவைக்கு உதவப் பிறந்த கருவி என்பதை மறக்கக்கூடாது.

இதை ஹன்டர் பார்க்கவில்லை. 2012 ஜூலையில் ஆஸ்டினில் நடந்த சைபை மாநாட்டில் மேட்பிளாட்லிப்பைப் பற்றி உரையாற்றினார். ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கல்களால் ஆகஸ்ட் 28 அன்று காலமானார். வயது 44. மூன்று பெண் குழந்தைகள். அதற்கு முன் பல வருஷம் பகலில் ஒரு பங்குவர்த்தக நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டேதான் இதையும் வளர்த்தார். அன்று நேரமில்லை என்று சொன்ன அதே பெரெஸ் அவருக்கு நெருங்கிய நண்பராகி, அந்தக் குழந்தைகளின் படிப்புக்கு நிதி திரட்டுவதில் முன்னால் நின்றார். மேட்பிளாட்லிப் நின்றுபோகவில்லை. மைக்கேல் ட்ரோட்பூம் எடுத்துக்கொண்டார், பிறகு தாமஸ் காஸ்வெல் வந்தார். 2019 ஏப்ரலில் வெளியான முதல் கருந்துளைப் படத்தின் உழைப்பிலும் இதற்குப் பங்கு உண்டு.

நம்ம ஊர்ச் சம்பந்தமும் இருக்கிறது. முப்பரிமாணப் படங்களுக்கான மயாவி என்ற பைத்தான் கருவியை எழுதிய பிரபு ராமச்சந்திரன், சென்னை ஐஐடியில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோதுதான் அதைத் தொடங்கினார். பிறகு மும்பை ஐஐடியில் பாஸி திட்டத்தின் வழியாகக் கல்லூரிகளுக்குப் பைத்தானைக் கொண்டுபோனவர்களில் அவர் முக்கியமானவர்.

கடைசியாகத் தமிழ். என் மகள் கல்லூரிக்காகச் சேலம் மாவட்ட மழையளவை வரைபடம் ஆக்கினாள். பிறந்து வளர்ந்தது புனே, மராத்தி தண்ணீர் பட்ட பாடு, தமிழ் படிப்பது தாத்தாவுக்காக. அவருக்கு அனுப்ப வேண்டும் என்று ஊர்ப்பெயர்களைத் தமிழில் போட்டாள். முதலில் வெறும் கட்டங்கள். இயல்பான டெஜாவு எழுத்துருவில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துருவைக் கொடுத்ததும் எழுத்து வந்தது, ஆனால் சேலம் 'சலேம்' ஆகிவிட்டது! ஏற்காட்டின் உகரக் குறி டகரத்தோடு ஒட்டாமல் தனியே நின்றது. "தாத்தா என்னைத்தான் தப்பா நினைப்பாரு, நான் எழுதத் தெரியாம எழுதினேன்னு" என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

காரணம் எளிது. கணினியில் 'சே' என்பது முதலில் ச, பிறகு ஏகாரக் குறி என்று சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வடிவமைக்கும் தனி இயந்திரத்தின் வேலை. ஃப்ரீடைப் உருவத்தை மட்டும் தரும், வரிசை மாற்றாது. வந்த வரிசையிலேயே அடுக்கிக்கொண்டே போனதால் கொம்பு லகரத்துக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்துக்கு இந்தத் தேவை இல்லாததால் பல வருஷம் இது இப்படியே கிடந்தது.

வழி உண்டு. படத்தை எஸ்விஜியாகச் சேமியுங்கள். அதற்கு முன் எஸ்விஜி எழுத்துரு வகை என்ற அமைப்பை 'எதுவுமில்லை' என்று பொருள்படும் 'நன்' ஆக மாற்றுங்கள். அப்போது எழுத்துகள் கோடுகளாக மாறாமல் எழுத்தாகவே கோப்பில் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் அது தமிழைச் சரியாக அடுக்கிக் காட்டும், அங்கிருந்தே அச்செடுக்கலாம். அடிக்கடி தேவைப்படுகிறவர்கள் எம்பிஎல்கைரோ என்ற பின்தளத்தை ராக்ம் நிரலகத்தோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். என் மகள் எஸ்விஜி வழியில் போனாள். சேலம் சேலமாகவே தாத்தா கைக்குப் போய்ச் சேர்ந்தது.

டாங்கிளுக்கு இருந்த கதவு மூடிய கதவு. உரிமம் வைத்திருப்பவன் மனசு வைத்தால்தான் அந்த மென்பொருளில் தமிழ் சரியாகும். இதன் கதவு திறந்து கிடக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். 'சலேம்' என்று வந்தால், எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று நாலு வரியும் ஒரு படமும் சேர்த்துப் பிழை அறிக்கை எழுதச் சொல்லுங்கள். தமிழ் படிக்காத ஒரு நிரலாளருக்கு 'சலேம்' தவறு என்று தானாகத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.