பூச்சி நுழையாத மணல்

கோடையில் லிஸ்பன் வெயிலில் காயும். மேற்கே சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கொலாரஷில் அதே நாள் மாலை ஸ்வெட்டர் தேடுவீர்கள். பக்கத்திலேயே நிற்கும் சிந்த்ரா மலை கடல் மேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ‘நொர்தாதா’ என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் வடகாற்று, அட்லாண்டிக்கின் உப்பையும் மணலையும் வாரிக்கொண்டு கோடை முழுக்க வீசுகிறது. ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்குக் கோடியான ரோக்கா முனை பக்கத்தில்தான். நான் கம்பத்துக்காரன், திராட்சைப் பந்தலுக்கடியில் வளர்ந்தவன். இந்த இடத்தில் ஒரு கொடியாவது பிழைக்கும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் 13ஆம் நூற்றாண்டில், போர்ச்சுகலின் மூன்றாம் அஃபோன்சு மன்னர் காலத்திலேயே இங்கே திராட்சை வைத்தார்கள். கொலாரஷில் நிலம் இரண்டு வகை. ஒன்று கெட்டி மண், மற்றது கடலோரத்து வெறும் மணல். பெயர் பெற்ற மது மணலில் விளைவதுதான். சிவப்புக்கு ரமிஷ்கு, வெள்ளைக்கு மால்வசியா என்ற ரகங்கள்.

மணலில் குச்சி நட்டால் வேர் பிடிக்காதே? அதனால் மணலுக்கு அடியில் கிடக்கும் களிமண் வரை தோண்டினார்கள். சில இடங்களில் ஒரு மீட்டரில் களி தட்டுப்படும். சில இடங்களில் ஐந்தாறு மீட்டர் இறங்க வேண்டும். கிணறு வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், உலர்ந்த மணல் எப்போது சரியும் என்று சொல்லவே முடியாது. குழிக்குள் இறங்கியவர்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வேலை செய்தார்கள். மணல் சரிந்து மூடினாலும், மேலே நிற்பவர்கள் தோண்டி எடுக்கும் வரை மூச்சுவிடக் கூடைக்குள் கொஞ்சம் காற்று இருக்கும். பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவுதான். களியில் குச்சியை ஊன்றி, கொடி வளர வளர வருஷக்கணக்கில் மணலைத் தள்ளிக் குழியை மூடுவார்கள்.

எங்கள் ஊரில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியைத் தலைக்கு மேலே ஏற்றுவோம். கொலாரஷில் அப்படிச் செய்தால் காற்று பிய்த்துப் போட்டுவிடும். கொடிகள் பூசணி போலத் தரையிலேயே படர்ந்து கிடக்கின்றன. தோட்டத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, நாணல் தட்டியோ கல் சுவரோ எழுப்பிக் காற்றை மறிக்கிறார்கள். தட்டிக்குள் நுழைந்தால் காது அடைத்தது போல ஓசை நின்றுவிடுகிறது. நடுநடுவே ஆப்பிள் மரம், அதுவும் காற்றுக்குப் பயந்து குனிந்தே வளர்ந்தது. காய் பழுக்கும் பருவத்தில் இன்னொரு வேலை உண்டு. சூடேறிய மணலில் குலை பட்டால் வெந்துபோகும் என்பதால், வெட்டிய நாணல் குச்சிகளைக் கொடிக்கு அடியில் முட்டுக் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துகிறார்கள். ஒரு கொடிக்கு இத்தனை முட்டு என்றால் ஒரு தோட்டத்துக்கு எத்தனை? கூலி கொடுத்துப் பழகியவனுக்கு அதைப் பார்த்ததும் மனக்கணக்குதான் ஓடியது.

இவ்வளவு பாடுபட்டதற்கு 19ஆம் நூற்றாண்டில் எதிர்பாராத கூலி கிடைத்தது. பில்லாக்சிரா என்ற அமெரிக்க வேர்ப்பூச்சி, நம் அசுவினிக்குச் சொந்தம், 1860களில் ஐரோப்பாவுக்குள் வந்தது. தோட்டம் தோட்டமாகக் கொடிகள் பட்டுப்போயின. 1868இல் பிரான்ஸின் பிளான்ஷோன் குழுவினர் வேரைக் கிளறிப் பார்த்து இந்தப் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கக் காட்டுத் திராட்சை வேரில் ஐரோப்பிய ரகத்தை ஒட்டுக் கட்டுவதுதான் கடைசியில் வழியாயிற்று. நம் தோட்டங்களில் இப்போது வாங்கி வைக்கும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியும் அமெரிக்கச் சரக்குதான். கொலாரஷ் மணலுக்கு இந்த ஒட்டு வேலை தேவைப்படவில்லை. களிமண் வெடிப்புகளில் வழி தேடி வேருக்கு வேர் தாவும் பூச்சிக்கு, சரிந்துகொண்டே இருக்கும் மணலில் வழி கிடைப்பதில்லை. அதனால் ரமிஷ்கு இன்றும் சொந்த வேரில் நிற்கிறது.

சுற்றிலும் தோட்டங்கள் அழிந்தபோது கொலாரஷ் சரக்குக்கு ஏக கிராக்கி. கூடவே போலிகளும் வந்தன. எந்த ஊர் மதுவுக்கும் கொலாரஷ் என்று பெயர் ஒட்டி விற்றார்கள். 1908இல் அரசு எல்லை வகுத்தது. 1931இல் விவசாயிகளின் கூட்டுறவு ஆலை வந்தது. பிறகு, அந்த ஆலையில் தயாரானதற்கு மட்டுமே கொலாரஷ் என்ற பெயர் என்று சட்டமும் வந்தது. கலப்படம் நின்றது உண்மை. புதிதாக எதையாவது செய்து பார்க்கும் ஆசையும் அதோடு நின்றது என்பது என் கணிப்பு.

மதுவும் லேசில் வசப்படுவதல்ல. ரமிஷ்கு சிறு பழம், தடித்த தோல். குளிரில் மெல்லப் பழுப்பதால் புளிப்பு குறையாது. சாராயச் சத்து குறைவு. இளசில் குடித்தால் பாக்குத் துவர்ப்பு. என் வாய்க்கு அப்படித்தான் இருந்தது. பல வருஷம் கிடந்தால்தான் இறங்கிவரும். அவசரக்காரர்களின் சந்தையில் அதை யார் காத்திருந்து வாங்குவார்கள்?

20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் லிஸ்பன்காரர்கள் கடலோரத்தில் கோடை வீடு கட்டக் கிளம்பினார்கள். கடலைப் பார்த்த மணல் மேட்டுக்கு மனை விலை வந்தது. குழி தோண்டிப் பல வருஷம் காத்திருப்பதா, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதா? விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கம்பத்திலும் திராட்சை போய் மனையான இடங்களை எனக்குத் தெரியும். ஆனால் கொலாரஷ் என்ற பெயரைக் காப்பாற்றியதில் கால்வாசி அக்கறையாவது அரசு மணல் தோட்டத்திடம் காட்டியிருக்கலாம். பூச்சியால் முடியாததை மனை வியாபாரம் செய்து முடித்தது. இன்று மணலில் மிஞ்சியிருப்பது சில பத்து ஹெக்டேர்தான்.

சிந்த்ராவுக்குப் போகிறவர்கள் அரண்மனைகளைப் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். 1904இல் ஓடத் தொடங்கிய டிராம் அங்கிருந்து கொலாரஷ் வழியாகக் கடற்கரை வரை இன்னும் போகிறது. அதில் ஏறுங்கள். 1931இல் தொடங்கிய கூட்டுறவு ஆலை இன்றும் இயங்குகிறது. மதுவை அரை லிட்டர் பாட்டிலில் விற்கிறார்கள்.