குழல்வாய்மொழி நாட்டு ழகரமும் நாக்கட்டும்

திருக்குற்றாலத்தில் எழுந்தருளியுள்ள அம்மையின் திருப்பெயர் குழல்வாய்மொழி என்பது. குழலோசை போலும் இனிய மொழியினள் என்பது அதன் பொருள். இப்பெயரில் ழகரம் இருமுறை பயில்கின்றது. ஆயினும், தென்காசி, இலஞ்சி, மேலகரம் முதலாய ஊர்களின் மக்கட் பேச்சில் அது 'குளல்வாய்மொளி' என்றே பெரிதும் ஒலிக்கக் கேட்கின்றோம். இவ்வூர்ச் சிறுவன் ஒருவன் பள்ளியில் 'வாழைப்பழம்' என்பதை 'வாளைப்பளம்' எனப் படிப்பானாயின், அவனுக்கு நாக்கு ஒட்டியிருக்கின்றது என்று கூறிவிடுவாரும் உளர். அச்சொல் பொய்யாயின் குழந்தை வீணே நாணுகின்றது. மெய்யாக இருந்தும் பொருட்படுத்தாது விடின் அதன் குறை தீராது நிற்கின்றது. எனவே, உடற்குறை இது, நாட்டு வழக்கு இது எனப் பிரித்தறிதல் வேண்டும். அதற்குத் தமிழிலக்கண மரபு எத்துணை உதவும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நாவின் அடிப்புறத்தை வாயின் தரையோடு இணைக்கும் மெல்லிய சவ்வு ஒன்று மக்கள் யாவர்க்கும் உண்டு. அது சிலர்க்குப் பிறவியிலேயே குறுகியோ, தடித்தோ, நாநுனிக்கு அணித்தாக ஒட்டியோ அமைகின்றது. அதனால் நுனி மேலெழுவதும் முன்நீள்வதும் தடைப்படும். இதனை 'நாக்கட்டு' என இக்கட்டுரையில் வழங்குவோம். பிறக்கும் குழந்தைகளுள் நூற்றுக்குச் சிலர்க்கு இஃது அமைவதாக மருத்துவ நூலார் கூறுவர். கட்டுடையார் எல்லாரும் திருந்தாப் பேச்சினர் அல்லர். நா வேறு வழியால் அவ்வொலியை ஆக்கிக்கொள்ளும் திறனுடையது. ஆகலின் பலர் தெளிவாகவே பேசுகின்றனர். சவ்வை அறுத்தலால் பேச்சுத் திருந்தும் என்பதற்கு இதுகாறும் கிடைத்துள்ள சான்றுகள் வலியுடையன அல்ல. ஆதலின் முதற்கண் ஆராயவேண்டுவது, எவ்வெவ்வொலிகள் தடைப்படுகின்றன என்பதேயாம்.

இவ்வினாவிற்கு விடை காணத் தொல்காப்பியப் பிறப்பியல் பெருந்துணையாகின்றது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு நிலைகளால் எழுத்துகள் பிறத்தலை ஆசிரியர் வகுத்துக் கூறுகின்றார். அவர் கூற்றின்படி மெய்களை நாவின் தொழில் நோக்கி நாம் இருகூறாக்கலாம். அடிநாவால் பிறப்பன க, ங; இடைநாவால் பிறப்பன ச, ஞ; இதழின் தொழில் உடையன ப, ம, வ; மிடற்று வளி அண்ணத்தை அடைய வருவது ய. இவ்வெட்டிற்கும் நாநுனி வேண்டப்படுவதில்லை. எஞ்சிய பத்தனுள் ட, ண, த, ந, ற, ன, ர, ழ என்னும் எட்டும் நுனிநாவின் தொழிலால் வருவன. ல, ள என்னும் இரண்டும் நாவிளிம்பு தடித்து உறுதலால் வருவன. இவற்றுள்ளும் நுனி மேல்நோக்கி வளைதலை ஆசிரியர் விதந்து கூறுவது ற, ன, ர, ழ என்னும் நான்கற்கே. ஆகவே, 18 மெய்களுள் நாக்கட்டால் தாக்குறத் தகுவன 10 என்பதும், ப, ம, க போல்வன பெரும்பாலும் தாக்குறா என்பதும் பெறப்படும். மருத்துவத்தின் பொருட்டு எழுதப்படாத நூலே எனினும், எங்கே நோக்கவேண்டும் என்பதனைப் பிறப்பியல் காட்டிவிடுகின்றது.

இனி, ழகரம் ளகரமாதலை நோக்குவாம். ழகரத்தை ஒலிக்குங்கால் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும் அளவில் நின்றுவிடுகின்றது, அழுந்தப் பொருந்துவதில்லை. இற்றைத் தமிழர் ஒலிக்கும் ளகரத்திற்கோ வளைந்த நுனி அண்ணத்தைத் தொடுதலும் வேண்டும். அங்ஙனமாயின், ழகரத்திற்கு ஈடாகத் தெளிந்த ளகரத்தை ஒலிக்கும் குழந்தையின் நா, அண்ணம்வரை எழவல்லது என்பது அவ்வொலியாலேயே உறுதியாகின்றது. 'வாளைப்பளம்' என்பது கட்டுண்ட நாவின் குறையன்று. கட்டின்மைக்கே அது சான்றாகும். மாறாக, 'வெள்ளம்' என்பதிலும் ளகரம் திரிந்து, 'அருவி', 'பலா', 'வீடு' ஆகிய சொற்களின் ர, ல, ட என்பனவும் ஒருங்கே குழம்புமாயின், அங்கே நாவின் அடியை நோக்குதல் முறையாகும். அப்பொழுதும் அகவை நோக்கியே முடிவு செய்தல் வேண்டும். ரகர ழகரங்கள் மழலைப் பருவத்தில் பிந்தி அமைவன ஆகலின்.

ழகரம் ளகரமாதல் நேற்றுத் தோன்றிய மாற்றமன்று. நெல்லைச் சீமையின் இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் முதற்கண் வெளிவந்து 1875-இல் விரிவுற்ற தம் ஒப்பிலக்கணத்தில் ழகரத்தின் இடவேறுபாடுகளைக் குறித்துள்ளார். தென்மாவட்டங்களில் மக்கள் அதனை ளகரமாகவும், சென்னைப் பக்கத்தில் யகரமாகவும் ஒலித்தனர் என்பது அவர் கண்டது. 'வாளப்பளம்', 'வாயப்பயம்' என்று இற்றை நாளும் நாம் கேட்கும் இருவகை வழக்குகளும் அவர் காலத்திலேயே வேரூன்றியிருந்தன என்பது இதனால் தெளிவு. ஒரு மாவட்டத்து மக்கள் அனைவரும் நாக்கட்டோடு பிறத்தல் இயலாது. எனவே இது வழக்கேயன்றிக் குறையன்று.

கால்டுவெல்லுக்கு முற்பட்ட நிலையை அறிதற்குச் செய்யுட்சான்று மட்டும் போதாது. 15-ஆம் நூற்றாண்டு முதல் தென்காசியிலிருந்து ஆண்ட பாண்டியருள் அதிவீரராம பாண்டியர் நைடதம் பாடியவர். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி இயற்றியவர். இவர்தம் நூல்களில் ழகரமும் ளகரமும் எதுகையாக ஒருங்கு வரினும், அதுகொண்டு அந்நாளில் இவ்விரண்டும் ஓரொலியாயின எனத் துணிதல் கூடாது. இடையின எழுத்துகள் தம்முள் எதுகையாக நிற்றலை இன எதுகை என யாப்பு நூலார் ஏற்பர் ஆகலின் என்க. எழுத்துமரபு பேச்சை மறைத்து நிற்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

'குற்றாலம்' என்னும் ஊர்ப்பெயரும் இவ்வகையில் கருதத்தக்கது. மக்கள் வழக்கில் அது 'குத்தாலம்' என வழங்கும். 'காற்று' 'காத்து' ஆதலும் 'நேற்று' 'நேத்து' ஆதலும் தமிழகமெங்கும் உள்ளன. ஆதலின் றகர இரட்டிப்பைத் தகரமாக ஒலிக்கும் குழந்தையையும் அதுகொண்டு குறையுடையதெனல் பொருந்தாது.

இச்சிக்கல் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மாண்டரின் சீனத்தில் நாநுனி வளைந்தெழும் மெய்கள் நான்கு உள. சீனக் குழந்தைகள் பிந்திக் கற்பனவற்றுள் அவை அடங்கும். நாக்கட்டுடைய குழந்தைக்கு அவையும் லகரமும் இடர் தரும் என எதிர்பார்த்தல் தகும். அம்மொழிக்கு உயிரனைய தொனி வேறுபாடோ குரல்வளையின் தொழிலாகலின், நாவடிச் சவ்வு அதனைத் தாக்காது. ஆனால் தென்சீனத்திலும் தைவானிலும் முதியோர் பலர், வளைநா மெய்கள் மூன்றனைப் பல்லை அடுத்துப் பிறக்கும் மெய்களோடு வேற்றுமையின்றி ஒலிக்கின்றனர். அங்குப் பிறந்த குழந்தையைப் பீகிங் ஒலிப்பை அளவுகோலாகக் கொண்டு சோதிப்பவர், தாயின் வழக்கையே சேயின் நோயாகக் கணக்கிட்டுவிடுவர். தென்காசிக் குழந்தையைச் செந்தமிழ் ழகரத்தால் மட்டும் அளப்பவர் செய்வதும் இப்பிழையே.

ஆதலின் குழந்தையின் பேச்சை ஆராயப் புகுவார், முதற்கண் அதன் பெற்றோரையும் உடன்விளையாடும் சிறாரையும் பேசச்செய்து கேட்டல் வேண்டும். அவர் ஒலிக்கும் ஒலியையே குழந்தையும் ஒலிப்பின் அது வழக்கு. அவர் ஒலிக்கவும் குழந்தை ஒலியாதவை எவை எனத் தொகுத்து, அவை நாநுனிக்குரிய பத்தனுள் அடங்குமா எனப் பிறப்பியல் நெறியில் நோக்கி, அடங்குமாயின் பேச்சுப் பயிற்சி வல்லாரையும் மருத்துவரையும் நாடுதல் தக்கது.

இங்ஙனம் கூறுதலால் ழகரத்தைக் கற்பித்தல் வேண்டா என்றோம் அல்லோம். வாழை வேறு, வாளை வேறு. தாழ் வேறு, தாள் வேறு. பொருள் காக்கும் அவ்வொலியைப் பள்ளியிற் பயிற்றுதல் ஆசிரியர் கடனேயாம். ஆயின் அதனைக் கல்வியாகப் பயிற்றுக; நோய் நீக்கமாகப் பயிற்றற்க. 'குளல்வாய்மொளி' என்று அம்மையை அழைக்கும் குழந்தையின் நா கட்டுண்டதன்று. அது தன் தாயினிடம் கற்றதைப் பிழையறக் கற்றுள்ளது.