வடபுல ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும்

விழாக் குழுவினரின் அன்பான ஆணையைச் சிரமேற்கொண்டு, ஆங்கிலத்தின் வட்டார வழக்குகளில் எழுவாயும் வினையும் இயையும் முறை குறித்துச் சில சொல்ல முற்படுகிறேன். படர்க்கை ஒருமையின் நிகழ்கால வினை 'ஸ்' விகுதி ஏற்கும் என்பது இம்மலரைக் கையிலேந்தும் யாவரும் இளமையிலேயே மனனம் செய்த விதியாதலின், அதனை விரித்தல் வேண்டா.

இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஸ்காட்லாந்திலும் தொன்றுதொட்டு வழங்கிவந்த விதி வேறு. 'தே' என்னும் பிரதிப்பெயர் வினையை ஒட்டி நின்றால் 'தே சிங்' என்பர். பன்மைப் பெயர்ச்சொல் எழுவாயானால் 'த பேர்ட்ஸ் சிங்ஸ்' என்பர். அப்பிரதிப்பெயரே வினையைவிட்டு விலகியவிடத்தோ, 'தே சிங் அண்ட் டான்ஸஸ்' என்று இரண்டாம் வினை மட்டும் விகுதி பெறும். ஏட்டுக் கல்வியறியாத உழவர் நாவில் இத்தனை நுட்பமான ஒழுங்கு நிலவியதை, பின்னாளில் ஆக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியராய்ப் புகழெய்திய ஜேம்ஸ் மர்ரே, தம் தாய்நிலமாகிய தென் ஸ்காட்லாந்தின் பேச்சைப் பற்றி 1873இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். திணை, பால் இயைபை வகுத்துரைத்த கிளவியாக்கத்திலேயே வழக்கு நோக்கி அமைத்துக்கொள்ள வேண்டுவனவற்றுக்கும் இடமளித்த நம் தொல்காப்பியனார் இதனைக் கண்டிருப்பின் பெரிதும் உவந்திருப்பார் என்பது அடியேன் துணிபு.

இவ்விகுதியின் பழமையோ பரிசுத்த வேதத்தோடு பிணைந்தது. லிண்டிஸ்பார்ன் சுவிசேஷப் பிரதியின் லத்தீன் வரிகளுக்கிடையே, பத்தாம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்னும் குரு பக்தியோடு எழுதிச் சேர்த்த வடபுல ஆங்கில உரையில், ஒருமை வினைகளிலும் பன்மை வினைகளிலும் இந்த 'ஸ்' பயில்கிறது. தெற்கிலோ 'எத்' விகுதியே ஆட்சி செலுத்தியது. 1611ஆம் ஆண்டு வேத மொழிபெயர்ப்பும் அதனையே போற்றிற்று. பின்னர் வடக்கின் விகுதியே லண்டன் மாநகரை வென்று, இன்று பாடசாலைகளில் இலக்கணமாய் வீற்றிருக்கிறது! கிழக்கே நார்போக் பகுதியார் 'ஹீ கோ' என விகுதியின்றியே மொழிவர்.

இவ்வழக்குகளுக்கெல்லாம் பேருபகாரம் செய்தவர் ஜோசப் ரைட். யார்க்ஷயரில் ஆறு வயதில் கல்லுடைக்குமிடத்துக் கழுதைகளை ஓட்டி, பின் ஆலையில் உழைத்து, பதினைந்து வயதளவில் எழுத்தறிந்த அப்பெருந்தகை, ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகி, 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளில் வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார்.

ஆங்கிலம் போதிக்கும் அன்பர்களே! பரீட்சைக்குப் பொது வழக்கையே கற்பியுங்கள். ஆனால் அந்நாட்டு உழவர் மொழியைச் சிதைவென்று மாணாக்கரிடம் ஒருபோதும் உரையாதீர்கள்.