4,400 டொலர் படம்

கூகிள் ஏர்த்தில் 'டைம்லாப்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஊரைத் தேடிப்பிடித்து வருடத்தை நகர்த்தினால் காடு வயலாகும், வயல் வீடாகும், கடற்கரை உள்ளே வரும். நாங்கள் எல்லோரும் ஒரு தரமாவது விளையாடிப் பார்த்திருப்போம். அது ஏன் 1984இல் தொடங்குகிறது என்று யோசித்திருக்கிறீர்களா?

1984 மார்ச்சில் லான்ட்சாட் 5 என்ற அமெரிக்கச் செய்மதி மேலே போனது. அந்தப் பழைய படங்களில் பெரும்பகுதி லான்ட்சாட் வரிசைச் செய்மதிகள் எடுத்தவை. இன்றைக்கு அவை இலவசம். ஆனால் ஒரு காலத்தில் ஒரு படத்தின் விலை 4,400 டொலர். அதற்கும் இதற்கும் இடையில் நடந்தது அரசாங்கம் தனக்குத் தேவையான தகவலை எப்படிப் பெறுவது என்ற சண்டைதான்.

முதலில் கேட்டது நாசா இல்லை. 1960களில் நாசாவின் கண் சந்திரனில் இருந்தது. பூமியைப் படம் எடுக்கச் செய்மதி வேணும் என்று நின்றது அமெரிக்க உள்துறைத் திணைக்களம். பேரைப் பார்த்துப் பொலிஸ் என்று நினைக்க வேண்டாம். அங்கே அது நிலம், நீர், கனிமம் எல்லாவற்றுக்கும் பொறுப்பான திணைக்களம். அதன் கீழிருந்த புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளர் வில்லியம் பெக்கோராவின் தூண்டுதலில், அமைச்சர் ஸ்டுவர்ட் யூடால் 1966 செப்டெம்பரில் "நாங்களே செய்மதி விடப் போறம்" என்கிற மாதிரி ஒரு அறிவிப்பை விட்டார். விமானத்தில் எடுத்தால் மலிவுதானே என்று வரவு செலவுப் பக்கத்தில் முணுமுணுப்பு. உளவுச் செய்மதி இரகசியம் வெளியே வந்திடும் என்று பாதுகாப்புப் பக்கத்தில் பயம். இருந்தாலும் நாசா அசைந்தது.

அடுத்த பிரச்சினை, ஆளுக்கொரு தேவை. வரைபடம் கீறுபவர்களுக்குக் கூர்மையான படம் வேணும். விவசாயத் திணைக்களத்துக்குப் பயிரின் நிலையைக் காட்டும் தனித்தனி ஒளிப்பட்டைகள் வேணும். 1972 ஜூலையில் போன முதல் செய்மதியில் இரண்டு கருவிகளையும் வைத்தார்கள். முக்கியமாகக் கருதப்பட்ட கமெரா சில வாரங்களிலேயே நின்றுவிட்டது. கூடவே போன கருவி, ஹியூஸ் கொம்பனியில் வேர்ஜீனியா நோர்வூட் என்ற பெண் பொறியியலாளர் வடிவமைத்தது, எல்லோரையும் வியக்க வைத்தது. 1977இல் சோவியத் கோதுமை விளைச்சல் குறையப்போகிறது என்பதை அமெரிக்கா முன்கூட்டியே கணித்தது இந்தப் படங்களை வைத்துத்தான்.

இவ்வளவு பயன் என்றால் தனியார் நடத்தி இலாபம் பார்க்கலாமே? கார்ட்டர் காலத்தில் தொடங்கிய யோசனை றீகன் காலத்தில், 1984இல் சட்டமானது. ஈயோசாட் என்ற கொம்பனி விற்பனையைப் பொறுப்பெடுத்தது. விலை 4,400 டொலர் வரை ஏறியது. செய்மதி கட்டியது மக்களின் வரிப்பணம். அதே அரசாங்கத்தின் திணைக்களங்கள் படத்துக்குத் திரும்பவும் காசு கட்டின. பல்கலைக்கழகங்கள் மெல்ல ஒதுங்கின. வாங்க ஆளில்லாத இடங்களைப் படம் எடுப்பதும் குறைந்தது. உலகின் பல பகுதிகளுக்கு அந்தக் காலத்துப் பதிவில் ஓட்டைகள் இருப்பது அதனால்தான். இப்போது எவ்வளவு காசு கொடுத்தாலும் 1987ஐத் திரும்பப் படம் எடுக்க முடியாது.

1989இல் இன்னும் மோசம். இயக்கக் காசு முடிந்துவிட்டது, செய்மதிகளை நிறுத்துங்கள் என்று உத்தரவே வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அவசர நிதி கிடைத்தது. ஒரு திணைக்களமும் முழுச் செலவையும் தன் தலையில் போடத் தயாரில்லை, ஆனால் எல்லோருக்கும் படம் வேணும். 1991 வளைகுடாப் போரில் இராணுவமும் இந்தப் படங்களைப் பாவித்ததும்தான் காங்கிரஸுக்கு உறைத்தது. 1992இல் புதிய சட்டம் திட்டத்தை மீண்டும் அரசாங்கத்தின் கைக்குக் கொண்டுவந்தது.

அடுத்த வருடம் லான்ட்சாட் 6 சுற்றுப்பாதையை அடையாமலே அழிந்தது. 1999இல் லான்ட்சாட் 7 போகும்வரை இடைவெளியைச் சுமந்தது யார்? 1989இல் நிறுத்தச் சொன்ன அதே லான்ட்சாட் 5. மூன்று வருடத்துக்கு என்று செய்த செய்மதி 2013 வரை ஏறத்தாழ 29 வருடம் உழைத்துக் கின்னஸ் சாதனையும் படைத்தது.

லான்ட்சாட் 7 படத்துக்கு விலை 600 டொலராக இறங்கியது. 2001இல் ஒரு நாளைக்குச் சராசரியாக 53 படங்கள் போயின. 2008இல் முழுக்க இலவசமாக்கினார்கள். சில வருடங்களில் அது நாளுக்கு 5,700 ஆனது. 2013இல் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறரை இலட்சத்துக்கும் அதிகமான படங்களைக் கொண்டு உலகக் காடுகளின் மாற்றத்தை வரைபடமாக்கினார்கள். பழைய 600 டொலர் விலை என்றாலே 39 கோடி டொலர் வந்திருக்கும். அதாவது, அந்த வரைபடம் வந்திருக்காது.

தேவை இருந்தால் காசு கொடுத்து வாங்குவார்கள்தானே என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தேவை என்னவென்று பலருக்குத் தெரிந்ததே படம் கையில் கிடைத்த பிறகுதான். மட்டக்களப்பு வாவிக் கண்டல்காடோ முத்துராஜவெலச் சதுப்போ எப்படி மாறியது என்று பார்க்க நினைக்கும் எங்கள் மாணவர் ஒருவர், 1980களில் வாடிக்கையாளர் பட்டியலிலேயே இருந்திருக்க மாட்டார். இன்றைக்கு அவருக்கு ஒரு கணினியும் இணைய இணைப்பும் போதும்.

2018இல் திரும்பவும் கட்டணம் அறவிடலாமா என்று அமெரிக்க அரசாங்கம் ஆராய்ந்தது. இலவசம் தொடர்கிறது. ஆனால் அந்தக் கேள்வி எப்போதும் மேசையில்தான் இருக்கிறது. அதனால் பிடித்த ஊரின் படங்களை இப்போதே இறக்கிப் பாருங்கள், பாவியுங்கள். 1989இல் செய்மதியைக் காப்பாற்றியது அதைப் பாவித்தவர்கள் போட்ட சத்தம்தான்.