கோடிமுனை கடந்த கலைமரபு: நாகூர் மினாராக்கள்

முகலாயப் பேரரசின் கலை என்றவுடன் ஆக்ராவின் தாஜ்மகாலும் தில்லியின் உமாயூன் கல்லறையும் நினைவிற்கு வருதல் இயல்பு. அவை அரசகுடியினரின் பொருளால் எழுந்தவை. ஆட்சியின் பெருமையைப் பறைசாற்றுபவை. ஆயின், இசுலாமியக் கலைமரபு பரவியது அரண்மனை வழியாக மட்டுமே என்று கொள்வது பொருந்தாது. கடல் வழியாக வந்து, பிற சமயத்து மன்னரின் கொடையால் அது தழைத்தமைக்குச் சோழநாட்டுக் கடற்கரை தக்க சான்றாகும்.

கடல்வழி

வங்கக் கடலும் பாக் நீரிணையும் கூடுமிடத்தில் அமைந்த நிலமுனை கோடியக்கரை. சுந்தரர் பாடிய கோடிக்குழகர் கோயில் கொண்ட தலம் இது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய தென்துறைகளிலிருந்து பாக் நீரிணை வழியே நாகப்பட்டினம் நோக்கிச் சென்ற மரக்கலங்கள் இம்முனையைச் சுற்றியே வடக்கே திரும்பின. அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வடக்கே நாகூர் உள்ளது. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் எனக் கருதப்பட்ட செங்கல் கட்டடம் ஒன்றும் இம்முனையில் இருந்தது. அது 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் சிதைந்தது.

இக்கடல்வழியில் வணிகம் நடத்தியோருள் மரக்காயர் சிறப்பிடம் பெற்றனர். சோழமண்டலத்துத் துணியும் நெல்லும் அச்சே, கெடா, மலாக்கா ஆகிய துறைகளுக்குச் சென்றன. மிளகும் தகரமும் பாக்கும் வந்தன. பண்டங்களோடு சொற்களும் பயணம் செய்தன. மலாய் மொழியில் இன்றும் வழங்கும் ‘கப்பால்’, ‘கெடாய்’, ‘பெட்டி’ என்பன முறையே நம் கப்பலும் கடையும் பெட்டியுமே ஆகும்.

மினாராக்கள்

வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் நாகூரில் தங்கி அங்கேயே அடங்கியவர் சாகுல் அமீது ஆண்டகை. தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்பர் தம் நோய் நீங்கியமைக்காக அவருக்கு நிலம் ஈந்தார் என்பது தர்கா மரபு. அடக்கத்தலத்தைச் சூழ்ந்து காலந்தோறும் ஐந்து மினாராக்கள் எழுந்தன. அவற்றுள் 131 அடி உயர்ந்து நிற்பது பெரிய மினாரா. அதனை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் (1739–1763). மகப்பேறு வேண்டி நேர்ந்துகொண்டு இதனைக் கட்டினார் என்பர்.

தாஜ்மகாலின் மினாராக்கள் உருண்டு நெடிதுயர்ந்தவை. நாகூரின் மினாராக்களோ சதுர வடிவின. நிலைநிலையாகக் குறுகி மேலெழுபவை. கோபுரத்தின் நிலைகளைக் கண்டு பழகிய கண்ணுக்கு இவ்வடிவம் அயலாகத் தோன்றாது. தாழ்ந்த நெல்வயல்களும் மணற்பரப்பும் சூழ்ந்த இக்கரையில், கடலில் வருவோர்க்குத் தொலைவிலிருந்தே கரையை உணர்த்தும் அடையாளமாகவும் இவை நின்றன.

திறையும் திருப்பணியும்

பிரதாபசிங்கின் காலச் சூழலை நோக்கும்போதுதான் இத்திருப்பணியின் அருமை புலனாகும். முகலாயரின் பெயரால் கருநாடகத்தை ஆண்ட ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி தஞ்சையிடம் திறை கேட்டு நெருக்கினார். 1762ஆம் ஆண்டு ஆங்கிலேயர் முன்னின்று செய்த உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் 4 இலட்சம் ரூபாய் செலுத்தத் தஞ்சை இசைந்தது. பிரதாபசிங்கின் மகன் துளஜா காலத்தில், 1773ஆம் ஆண்டு, நவாபும் கம்பெனிப் படையும் தஞ்சையைக் கைப்பற்றினர். 1776இல்தான் அரசு அவருக்கு மீண்டது.

திறை கேட்டு வருத்தியவரும் இசுலாமியர். மன்னர் மினாரா எழுப்பியதும் இசுலாமியப் பெரியாரின் அடக்கத்தலத்தில். நவாபோடு கொண்ட பகை அரசியலைச் சார்ந்தது. நாகூரின்பால் கொண்ட பற்று மக்கள் வாழ்வைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டை மன்னரும் அறிந்திருந்தார், குடிகளும் அறிந்திருந்தனர். துளஜாவும் தர்காவிற்கு நிலக்கொடை அளித்தார். சமயப்பெயர் ஒன்றையே அளவுகோலாக வைத்து அக்கால வரலாற்றை எழுதுவோர்க்குப் பெரிய மினாரா விடையிறுத்து நிற்கிறது.

எளியோர் பொருள்கள்

மன்னர் கொடை கட்டடமாயிற்று. எளியோர் கொடை சிறுபொருள்களாக வந்தது. கை, கால், கண், வீடு, கப்பல் ஆகிய உருவங்கள் பொறித்த தகடுகளை நேர்ந்துகொண்டோர் இன்றும் தர்காவில் செலுத்துகின்றனர். சவரம் செய்துகொண்டிருந்த ஆண்டகை, கையிலிருந்த கண்ணாடியை வீசித் தொலைவில் மூழ்கவிருந்த கப்பலின் ஓட்டையை அடைத்தார் என்னும் கதையோடு கப்பல் தகட்டைச் சேர்த்து எண்ணலாம். கந்தூரி விழாவில் மினாராக்களில் ஏற்றும் கொடிகள் நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வருகையில், கப்பல் வடிவில் அணிசெய்த ஊர்திகளும் உடன் வருகின்றன.

கடல் கடந்தோர் இம்மரபைத் தம்மோடு கொண்டு சென்றனர். பினாங்கிலும் நாகூர் ஆண்டகையின் பெயரால் தர்கா எழுந்தது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828–1830 ஆண்டுகளில் கட்டப்பெற்ற நாகூர் தர்கா, 1974இல் நாட்டின் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பெற்றது. அவ்விரண்டிலும் ஆண்டகையின் உடல் இல்லை. பிறந்த மண்ணின் நினைவே அங்கு நிறுவப்பெற்றது.

முகலாயப் பேரரசு 1857ஆம் ஆண்டோடு மறைந்தது. ஆர்க்காட்டு நவாபின் அரசும் தஞ்சை மராட்டியர் அரசும் அதற்கு முன்பே முடிவுற்றன. மன்னர் எழுப்பிய மினாராவும் மீனவர் செலுத்தும் தகடும் இன்றும் ஒரே வளாகத்தில் உள்ளன. பேரரசுகளின் கலையை ஆராய்வோர் தலைநகரங்களோடு நில்லாது, கோடிமுனை சுற்றிவந்த மரக்கலங்களின் வழியையும் தொடர்ந்து காணுதல் வேண்டும். தமிழகத்தின் கலைவரலாறு அப்பொழுதே நிறைவுறும்.