நூறு டாலரில் வாங்கிய தொழில்

ஃப்ரிட்டோஸ் சோள வறுவல் பிறந்த இடம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரம், ஆண்டு 1932. பொருளாதாரப் பெருமந்தத்தில் வியாபாரிகள் எல்லோரும் திண்டாடிய காலம். மிட்டாய்க் கடை நடத்திவந்த சார்லஸ் எல்மர் டூலின், விலைபோகக்கூடிய புதுப் பண்டம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். மெக்சிகோவிலிருந்து வந்திருந்த குஸ்தாவோ ஒல்கின் செய்து விற்ற சோள வறுவல் அவர் கண்ணில் பட்டது. ஒல்கினுக்கோ ஊர் திரும்பும் எண்ணம். விலை 100 டாலர் என்று பேசி முடித்தார்கள். செய்முறை, ஒரு பழைய உருளைக்கிழங்கு பிழியும் கருவி, வாடிக்கையாகச் சரக்கு எடுக்கும் 19 கடைகள் ஆகியவை கைமாறின.

பணத்துக்காக டூலினின் தாயார் டெய்சி டீன் தம் திருமண மோதிரத்தை அடகு வைத்தார். அடகுக்கடை வாசலை மிதிக்காமல் முளைத்த சிறுதொழில் எந்த நாட்டிலும் குறைவுதான் போலும்.

தொழிற்சாலை அந்த அம்மையாரின் சமையலறையே. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு, தோல் கழுவி மாவாக அரைப்பது மெக்சிகோ மக்களின் பழைய வழக்கம். அந்த மாவைக் கருவியில் இட்டு, நாம் முறுக்கு பிழிவதுபோல அழுத்தி, பட்டையாக இறங்குவதைத் துண்டுபோட்டு எண்ணெயில் விட்டார்கள். மணிக்குப் பத்து பவுண்டு தேறும். டூலின் அதை ஃபோர்டு காரில் ஏற்றிக் கடைகடையாகப் போட்டார். நாள் விற்பனை 8 முதல் 10 டாலர். கையில் நின்றது ஏறக்குறைய 2 டாலர்.

பிறகு புது அழுத்துப்பொறி வந்தது, உற்பத்தி பெருகியது, தலைமையகம் டல்லாஸுக்கு மாறியது. 1945-இல் ஹெர்மன் லே நிறுவனத்துக்கு விற்பனை உரிமம் தரப்பட்டது. 1961-இல் இரண்டும் இணைந்து ஃப்ரிட்டோ-லே ஆயின. 1965-இல் பெப்சிகோவின் அங்கமானது. 1959-இலேயே காலமான டூலின் இந்த இணைப்பைப் பார்க்கவில்லை. உலகத்துக்கே உப்பு வறுவல் விற்ற மனிதர், வீட்டில் இறைச்சியையும் உப்பையும் பெரும்பாலும் ஒதுக்கியவர் என்று அவர் மகள் சொல்லியிருக்கிறார்.

கம்பெனி வரலாறுகளில் ஒல்கின் வெகுகாலம் பெயரற்ற 'ஒரு மெக்சிகோக்காரர்' மட்டுமே. செய்முறையும் கருவியும் வாடிக்கையும் அவருடையவை. இனி யார் இந்த வரலாற்றை எழுதினாலும், நிறுவனர் வரிசையில் அவர் பெயரை முதலில் அச்சிடுவதே முறை.